பாஸ்குவாலின் வலது கால்

ஆயருக்குக் காற்று வேண்டியிருந்ததோ, கடைக்காரர்களுக்கு இடம் வேண்டியிருந்ததோ, ஸ்பெயினின் அந்த மலையூரில் பேராலயத்தை ஒட்டியிருந்த கல்லறைத் தோட்டத்தை எடுத்துவிட்டுச் சதுக்கம் அமைப்பதென்று முடிவாயிற்று. அவரவர் வீட்டு எலும்புகளை அவரவரே வாங்கிப்போய் ஊருக்கு வெளியே புதைத்துக்கொள்ள வேண்டும். எலாதியாவும் தன் கணவன் பாஸ்குவாலை வாங்கிவரப் போனாள். குழிவெட்டி கொடுத்த சாக்கை அங்கேயே அவிழ்த்துப் பார்த்தாள். கோவேறு கழுதை தள்ளிவிட்டதில் முறிந்த பாஸ்குவாலின் வலது கால் கடைசிவரை கோணலாகத்தான் இருந்தது. சாக்கில் இருந்த கால் எலும்புகளோ இரண்டும் நேராக இருந்தன.

“இது என் வீட்டுக்காரர் இல்லப்பா.”

“எல்லாம் கலந்து கிடக்கும்மா. நாளைக்குக் கல்லு பாவ வந்துடுவாங்க. யாரோ ஒருத்தர், எடுத்துட்டுப் போங்க.”

அவள் அந்த யாரோ ஒருவரைச் சுமந்துபோய், ஜெபம் சொல்லி, பெயர் எழுதாத சிலுவை நட்டுப் புதைத்துவிட்டு வந்தாள்.

சதுக்கம் திறந்த அன்று ஊரே அங்கே ஆடியது. எலாதியா கறுப்பு உடையோடு வந்தாள். பேராலயச் சுவரை அடையாளம் வைத்துப் பாஸ்குவாலின் பழைய குழி இருந்த இடத்தைக் கண்டுபிடித்தாள். எதிரே ஒருவர் இருப்பதுபோல் தோளுயரத்துக்குக் கைகளைத் தூக்கிக்கொண்டு மெதுவாக ஆடத் தொடங்கினாள். தனியாக ஆடுகிறாளே என்று பக்கத்து வீட்டு ஃபெர்மின் ஜோடி சேர வந்தான்.

“தள்ளி நில்லுப்பா, இடிச்சிடாத. அவர் காலைத் தாங்கித் தாங்கித்தான் வைப்பார்.”

ஃபெர்மின் விலகி நின்றான். மேளக்காரர் அவள் காலைப் பார்த்தே அடிக்கத் தொடங்கினார். சிறிது நேரத்தில் சதுக்கத்தில் இருந்த அத்தனை பேரும் வலது காலைத் தாங்கித் தாங்கி ஆடிக்கொண்டிருந்தார்கள்.