பெருச்சாளிக்குப் போகாத கடலை

எறும்புகள் புளியமரத்து அணிலிடம் வாரம் பத்து அரிசி கொடுத்துவந்தன. மழையில் புற்று கரைந்தால், மழைக்காலம் முடியும்வரை அணில் அவற்றுக்குச் சோறு போட வேண்டும். அதுதான் பேச்சு.

பெருமழை வந்தால் தன் கையிருப்பு போதாதே என்று அணிலுக்கும் பயம். அதனால் அது அரிசி ஆலைப் பெருச்சாளிக்கு வாரம் ஒரு நிலக்கடலை கொடுத்தது. குறைகிற அரிசியைப் பெருச்சாளி தரும்.

மூன்று வாரம் வெயில் கொளுத்தியது. இனி மழை எங்கே என்று, அந்த வாரங்களின் கடலையை அணிலே தின்றுவிட்டது.

நாலாம் வாரம் மழையில் புற்று கரைந்தது. அணிலின் அரிசி இரண்டே நாளில் தீர்ந்தது. அணில் ஆலைக்கு ஓடியது.

"மூணு வாரமா கடலை வரலையே," என்றது பெருச்சாளி.

"இப்போ தர்ற அரிசியில கழிச்சுக்கோங்க அண்ணே."

"முதல் வாரம் வராதப்பவே பேச்சு முறிஞ்சுபோச்சு. இனி எதுல கழிக்கிறது?"

அணில் திரும்பி வந்து, "பெருச்சாளி கைவிரிச்சுட்டார்," என்றது.

"பெருச்சாளி யாரு?" என்று கேட்டது முன்னால் நின்ற எறும்பு. "நாங்க உங்ககிட்டதானே கொடுத்தோம்."

எறும்பு அணிலின் பொந்துக்குள் எட்டிப் பார்த்தது. உள்ளே பஞ்சு விரித்து, ஈரமே படாமல் இருந்தது.

"அரிசிக்குப் பதிலா இந்த இடம் எங்களுக்குப் போதும்," என்றது எறும்பு. "நீங்க எங்க படுப்பீங்க?"