ஒரு ஓட்டு வித்தியாசம்

பத்திரிகையின் தேர்தல் மலருக்காகத் தொகுதி வரலாறு எழுத வந்த இளம் நிருபர், முன்னாள் எம்.எல்.ஏ.வான அம்மாளின் வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்திருந்தாள்.

"பன்னிரண்டு தேர்தல்ல உங்க கட்சி ஒரே தடவைதான் இங்க ஜெயிச்சிருக்கு. அதுவும் ஒரே ஒரு ஓட்டு வித்தியாசத்துல!"

"மூணு தடவை எண்ணினாங்க. அதுக்குள்ள பத்து நகத்தையும் கடிச்சுத் துப்பிட்டேன்" என்று சிரித்தார் அம்மாள்.

அவருடைய கணவர் டீயை வைத்துவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"தோத்தவரைத் தேடி அலுத்துட்டேம்மா. அரசியலை விட்டே ஒதுங்கிட்டாராம். உங்க மேல இன்னும் கோபமா இருப்பாரோ?"

"அவரையே கேளு" என்று அம்மாள் கணவரைக் காட்டினார். "அடுத்த வருஷமே என்னைப் பொண்ணு கேட்டு வந்துட்டார்."

நிருபர் அவர் பக்கம் திரும்பினாள். "ஒரு ஓட்டுல போச்சேன்னு வருத்தமே இல்லையா, சார்?"

"அந்த ஓட்டே நான் போட்டதுதாம்மா. ஒரு நாள் கூட்டத்தோட கூட்டமா நின்னு இவ பேச்சைக் கேட்டேன். எந்தத் தெருவுக்குத் தண்ணி வரலை, எந்தப் பள்ளிக்கூடம் ஒழுகுதுன்னு எல்லாம் விரல் நுனியில வெச்சிருந்தா. எனக்கு ஒண்ணும் தெரியலை. சாவடிக்குள்ள போனதும் இவ சின்னத்துலதான் முத்திரை குத்தினேன்."

அம்மாள் திகைத்துப் போனார். "முப்பது வருஷமா மூச்சு விடலையே!"

"விட்டிருந்தா எங்க கட்சிக்காரங்க என்னை உயிரோட விட்டிருப்பாங்களா?"

"உங்களுக்கே போட்டிருந்தா நீங்கதானே ஜெயிச்சிருப்பீங்க?" என்றார் அம்மாள்.

"நான் ஜெயிச்சிருப்பேன். ஊர்தான் தோத்திருக்கும்."

அம்மாளுக்குக் கண் கலங்கியது. கணவரின் தோளில் செல்லமாக ஒரு அடி வைத்தார்.