தட்டிப் பார்த்த சுவர்

"நாளைக்கு எஞ்சினியர் மெஷினோட வராராம். தெரியுமா மேஸ்திரி?"

சுவரில் கம்பியால் தட்டிக்கொண்டிருந்த திம்மப்பனின் கை நின்றது.

"எதுக்கு?"

"எதுக்கா? இந்தச் சுவரு உள்ள காலியா இருக்குதுன்னு நீங்கதான சொன்னீங்க. பக்கத்து வீட்டு சுமலதா காதுல விழுந்துடுச்சு. ஆபீஸ்ல போயி ஒரு ஆட்டம் ஆடிட்டு வந்துட்டா."

ஜோதியம்மாள் டீயை வடிகட்டி அவர் பக்கம் நகர்த்தினாள்.

கெலமங்கலம் ரோட்டில் கம்பெனி கட்டிக் கொடுத்த குடியிருப்பு அது. சுவர்களை யார்டில் வார்த்து, லாரியில் கொண்டுவந்து, கிரேனால் தூக்கி நிறுத்திய வீடுகள். திம்மப்பனுக்கு அப்படிச் சுவர் வார்க்கும் யார்டில்தான் வேலை. மனைவி இறந்த பிறகு கடைசி வரிசையில் ஓர் அறையில் இருக்கிறார். அறைக்குள் அவர் வாய் திறப்பது பல்லியை விரட்டத்தான்.

ஜோதியம்மாளும் தனி ஆள்தான். மகளைக் கட்டிக்கொடுத்து அனுப்பிவிட்டு, கேன்டீன் வேலைக்காக இங்கே குடிவந்தவள்.

ஆடி மாதத்தில் ஒருநாள் குவாரியில் வெடி வைத்தபோது அவள் வீட்டுப் பாத்திரங்களெல்லாம் கிடுகிடுத்தன. வாசலுக்கு ஓடி வந்தவளிடம், அந்த வழியாகப் போன திம்மப்பன் நின்று சொன்னார்.

"இது வெடிதான் ஜோதியம்மா. பூகம்பம் வந்தாதான் சுவரோட சங்கதி தெரியும். தரையில இருந்து வர்ற கம்பி சுவத்துக் குழிக்குள்ள நிக்கும். கீழ்த் துளையில கிரவுட்டுன்னு தண்ணியா கரைச்ச சிமெண்டுக் கலவைய ஏத்தினா, மேல் துளையில வழியணும். அப்படி நெறஞ்சிருந்தா தரையும் சுவரும் ஒண்ணா ஆடும். நெறையலன்னா, சும்மா சாத்தி வச்ச கதவுதான்."

"என் வீட்டுச் சுவரு எப்படின்னு பாத்துச் சொல்லுங்களேன்."

தட்டிப் பார்த்தார். கல்லைத் தட்டியதுபோல் கெட்டியான சத்தம். நல்ல சுவர்தான் என்று சொல்ல வாயெடுத்தார். அதற்குள் அவள் அடுப்பில் டீக்கு வைத்துவிட்டு, "உக்காருங்க" என்றாள். அவரை யாரும் உட்காரச் சொல்லி வெகுநாள் ஆகியிருந்தது.

"கொஞ்சம் சந்தேகமாத்தான் இருக்குது. நாளைக்கும் வந்து பாக்கணும்" என்று சொல்லிவிட்டார்.

அந்த ‘நாளை’ இன்னும் முடியவில்லை. ஷிஃப்ட் விட்டதும் கம்பியோடு வருவார். தட்டுவார். டீ குடிப்பார். மத்தூர்ப் பக்கத்து மழை, கேன்டீன் சாம்பார், அவள் மகளுக்கு வந்த காய்ச்சல் என்று பேச்சு போகும். ஒருமுறை, "இந்த அரிசி ட்ரம்ம நகத்தினா அந்தாண்டையும் தட்டலாம்" என்றார். "வேணாம், கனம்" என்று அவள் தடுத்துவிட்டாள்.

"மெஷினு உள்ள இருக்கிறத அப்படியே காட்டிடுமாமே?" என்றாள் இப்போது.

"காட்டிடும்."

"காலின்னா அடைச்சிடுவாங்க. கெட்டின்னா..."

"கெட்டின்னா எனக்கு இங்க என்னா வேலை?" என்று சிரிக்கப் பார்த்தார். டீ ஆறிப்போயிருந்தது.

மறுநாள் எஞ்சினியர் பிரேம்குமார் மெஷினைச் சுவரின் மேல் வைத்து மெல்ல நகர்த்தினார். திம்மப்பன் வேலைக்குப் போகவில்லை. வாசலோரம் நின்றார். சுவர் விழுமா சார் என்று சுமலதா கன்னடத்தில் கேட்டாள்.

"விழாதும்மா. குழியெல்லாம் நெறஞ்சிருக்கு. இந்தப் பக்கம் வரக்கூடிய அதிர்வுக்கெல்லாம் கணக்குப் போட்டுக் கட்டினதுதான். நல்லா நிக்கும். காலின்னு யார் சொன்னது?"

"இவருதான் சார். தெனமும் வந்து நாடி பாக்கற டாக்டரு" என்றாள் சுமலதா.

எல்லோரும் சிரித்தார்கள்.

"ஏண்ணா, யார்டுலயே இருக்கீங்க. சத்தத்துல தெரியலையா?"

"காது மந்தமாயிடுச்சு சார்" என்றார் திம்மப்பன்.

கூட்டம் கலைந்தது. மூலையில் சாத்தியிருந்த கம்பியை எடுத்துக்கொண்டார். ஜோதியம்மாளின் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

"வரேன் ஜோதியம்மா. இனி நீங்க பயமில்லாம தூங்கலாம்."

அவள் குனிந்து அரிசி ட்ரம்மை இழுத்தாள். கனம் ஒன்றும் இல்லை, சுலபமாக நகர்ந்தது. பின்னால், சுவரின் அடியில், அடைபட்ட ஒரு துளை. ஈரக் கலவையில் யாரோ அழுத்திய பெருவிரல் தடம், பெயிண்ட்டுக்கு அடியிலும் குழியாகத் தெரிந்தது.

ஜோதியம்மாள் தன் பெருவிரலை அதில் வைத்தாள். அச்சாகப் பொருந்தியது.

"கேன்டீனுக்கு வர்றதுக்கு முன்னாடி, இந்த வரிசைக்கெல்லாம் கிரவுட் ஏத்தினது நான்தான் மேஸ்திரி" என்றாள். "கம்பிய வச்சிட்டு உக்காருங்க. அடுப்படிச் சுவரு கொஞ்சம் சந்தேகமா இருக்குது."