பட்டினி நாள்

பக்கத்துக் குளத்தில் கொடுவா மீன்கள் சுழன்று சுழன்று செத்துக்கொண்டிருந்தன. இந்தக் குளத்தையாவது காப்பாற்றலாம் என்று, ஆய்வுக்கூடத்து நாச்சியார் தடுப்பு மருந்து கலந்த தீனி கொண்டுவந்திருந்தாள். ஆறு வருட உழைப்பு, ஒரே வாளி. தீனிக்காரர் சூசை அள்ளி வீசினார். மீன்கள் வந்து பார்த்துவிட்டுத் திரும்பின. உருண்டைகள் ஊறிக் கரைந்தன.

“ரெண்டு நாள் பட்டினி போடச் சொன்னேனேண்ணே?”

“போட்டேம்மா. காலைல என் காலடி கேட்டு வாயத் தொறந்துக்கிட்டு ஓடியாந்துச்சுங்க. மனசு கேக்கல. வயிறு நெறயப் போட்டுட்டேன்.” குரல் இறங்கியது. “மருந்து மிச்சம் இருக்காம்மா?”

அவள் வாளியைக் கவிழ்த்துக் காட்டினாள்.

எட்டாம் நாள் சூசை கரையில் ஓங்கி ஓங்கி மிதித்து நடந்தார். ஒரு மீனும் அவர் பக்கம் வரவில்லை. எல்லாம் நடுக்குளத்தில் சுழன்றுகொண்டிருந்தன.