அப்பாவுக்கு ஏற்ற இல்லம்

பாறசாலை பொன்னம்பலம் பிள்ளையின் மக்கள் கூடி, வரலாற்றுச் சிறப்புமிக்க தீர்மானம் ஒன்றை நிறைவேற்றினார்கள் என்பதைச் சகலருக்கும் அறிவிக்கிறோம்.

புற்றுநோய் முற்றிய அப்பாவை எந்தப் பராமரிப்பு இல்லத்தில் சேர்ப்பது? மூத்தவர் தாணுமூர்த்தி ஹெட்கிளார்க்காக இருந்தவர். நூறு மார்க்குக்குப் பட்டியலே போட்டுவிட்டார்.

"நெய்யாற்றின்கரை இல்லத்துக்குப் பூஜ்யம். போன வருஷம் ஒராளு கூட சுகமாயி வீட்டுக்குப் போகல்ல."

"அத்தான், அது சாகப்போறவங்கள நோவில்லாம பாக்குத இடமாக்கும்," என்றாள் இளைய மருமகள் ஸ்ரீகலா. "மாமா நோவு தாங்காம நெலவிளிக்காரு. இன்னைக்கே கொண்டு போவோம்."

"அவசரப்படாத மக்கா. மத்த ரெண்டு இடத்தையும் பாக்கண்டாமா?"

ஒரு வாரம் கழித்துப் பார்த்தார்கள். பாலராமபுரத்தில் கட்டில் துருப்பிடித்திருந்தது. பெருங்கடவிளையில் சாம்பாருக்குப் பெருங்காயம் போதவில்லை.

"மாமா சாம்பார் குடிச்சே ரெண்டு மாசமாச்சு!" ஸ்ரீகலா பல்லைக் கடித்தாள்.

"தரம்னு ஒண்ணு உண்டும்லா?"

மறுபடி கூட்டல், மறுபடி கழித்தல். கடைசிக் கூட்டத்தில் நெய்யாற்றின்கரை இல்லமே ஏகமனதாகத் தேர்வானது. எல்லோரும் திருப்தியாகத் தலையாட்டினார்கள். ஸ்ரீகலா இலைகளில் பாயசம் விளம்பினாள்.

"பாத்தியா? ஆராய்ஞ்சு எடுத்த முடிவாக்கும்," என்று தாணுமூர்த்தி இலையை மடித்தார்.

அன்று பொன்னம்பலம் பிள்ளை காலமான பதினாறாம் நாள் அடியந்திரம்.