மழைச் சத்தம் பற்றி ஒரு கேள்வி

"பதினஞ்சு நிமிஷம்னு சொல்லிட்டு மூணாவது நிமிஷமே எந்திரிச்சுப் போயிட்டாரே, என்ன மனுஷன் இவர்?"

பேட்டியைப் படம் பிடிக்க வைத்த செல்போனை ஸ்டாண்டிலிருந்து கழற்றுவதா வேண்டாமா என்று தெரியாமல் அவள் கணவன் முழித்துக்கொண்டு நின்றான்.

 அவளுக்கு எதிரே காலி நாற்காலி. அவர் எழுந்து போன வேகத்தில் அது இன்னும் லேசாகச் சுற்றிக்கொண்டிருந்தது.

வீடியோ கேம் உருவாக்குகிறவர்களின் மாநாடு அது. அவள் பத்திரிகைக்காரி இல்லை. ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்க்கிறவள். மிச்ச நேரத்தில், ஒரே ஒரு கேமுக்காக ஓர் இணையதளம் நடத்துகிறாள். வாசகர்கள் மொத்தமே இருநூற்றெண்பது பேர்.

அந்த இருநூற்றெண்பது பேர் சார்பில் எட்டு மாதம் மெயிலுக்கு மேல் மெயில் போட்டு, 'ரசிகர்' என்று அச்சடித்த மஞ்சள் அட்டை ஒன்றை வாங்கிவிட்டாள். காலையில் அதைக் கழுத்தில் மாட்டிக்கொண்டபோது, "கல்யாணத்தன்னிக்குக்கூட உன் முகத்துல இவ்வளவு பெருமையை நான் பார்க்கலையே" என்று கணவனே கிண்டலடித்தான்.

பேட்டி நன்றாகத்தான் ஆரம்பித்தது. கேமின் இயக்குநர் முதல் கேள்விக்குச் சிரித்த முகமாகப் பதில் சொன்னார். இரண்டாவது கேள்வியில்தான் வினை.

"சார், கேம்ல தோத்துப் போனவன் கூரைக்கடியில ஒதுங்கி நிப்பான் இல்லையா? அப்ப மட்டும் மழைச் சத்தம் மெதுவாகுதே, அது ஏன்?"

அடுத்த மேஜையில் இருந்த பெரிய பத்திரிகைக்காரர்கள் இரண்டு பேர் களுக்கென்று சிரித்தார்கள்.

"அப்படி எதுவும் கிடையாதும்மா. மழை எல்லா இடத்துலயும் ஒண்ணுதான்."

"இல்ல சார், மாறுது. பத்து செகண்ட் ஆடாம அசையாம நின்னா மாறுது. எங்க லேப்ல ரத்தத்தைச் சுத்துற மெஷின் இருக்கு. அதோட சத்தம் துளி மாறினாலும் முதல்ல எந்திரிக்கிறது நான்தான். நீங்களே கேளுங்க."

பதிவு செய்து வைத்திருந்ததை ஹெட்போனோடு நீட்டினாள். இயக்குநர் காதில் மாட்டிக் கேட்டார். முகம் இறுகிப்போனது.

"இதை எடுத்துடச் சொல்லி ஒன்பது வருஷமாச்சு" என்று முணுமுணுத்தவர், விருட்டென்று எழுந்தார். யாரையும் பார்க்காமல் கதவைத் தள்ளிக்கொண்டு போயே போய்விட்டார்.

பேட்டிகளை ஏற்பாடு செய்த கம்பெனிப் பெண் ஓடி வந்தாள்.

"என்ன மேடம் இப்படிப் பண்ணிட்டீங்க? கேமுக்கு அந்தச் சத்தமெல்லாம் போட்ட சவுண்ட் அம்மா இன்னும் எங்க கம்பெனியிலதான் இருக்காங்க. கீழ ஸ்டால்ல நிக்கிறாங்க. சார் சொன்னதைக் கேட்காம விட்டிருக்காங்கன்னு தெரிஞ்சா சும்மா விடுவாரா? இதே மாதிரி ஒரு விஷயத்துக்குப் போன மாசம்தான் ஒருத்தரை வீட்டுக்கு அனுப்பினார்."

 அவள் பெருமையாகக் கேட்ட கேள்வி, முகம் தெரியாத ஒருத்தியின் சோற்றில் மண்ணைப் போட்டுவிட்டதோ?

"வா, போயிடலாம். நமக்கெதுக்கு வம்பு?" என்றான் கணவன்.

"நான் வரலைங்க. அவர் வரட்டும். என் காதுலதான் கோளாறு, அப்படி ஒரு சத்தமே இல்லைன்னு சொல்லிடறேன்."

"எட்டு மாசமா இந்த ஒரு கேள்வியைத்தானே தலையில தூக்கி வெச்சுக்கிட்டுத் திரிஞ்ச?"

"அதுக்காக? ஒருத்தங்க வேலையைவிட என் கேள்வி பெருசா?"

பத்து நிமிஷம் கழித்துக் கதவு திறந்தது. இயக்குநருக்கு மூச்சு வாங்கியது. சட்டை வியர்வையில் தொப்பலாக நனைந்திருந்தது. பின்னாலேயே ஐம்பது வயது மதிக்கத்தக்க ஒரு பெண்மணி. ஸ்டாலில் மாட்டியிருந்த ஹெட்போன்கூடக் கழுத்திலேயே தொங்கியது. முகம் வெளுத்துப்போயிருந்தது.

"மன்னிச்சுக்கங்க சார். எடுக்க மனசே வரல. அப்பவே உங்ககிட்ட சொல்லியிருக்கணும்..."

அவள் பதறி எழுந்தாள். "சார், தப்பு என் மேலதான். எனக்குத்தான் சரியாக் காது..."

இயக்குநர் கையமர்த்தினார். தன் நாற்காலியை இழுத்து அந்தப் பெண்மணியை உட்கார வைத்தார். அவர் நின்றுகொண்டார்.

"சார், இவங்க நேரம் முடிஞ்சுபோச்சு. டிவிக்காரங்க வெயிட் பண்றாங்க" என்றாள் கம்பெனிப் பெண்.

"பண்ணட்டும்" என்றவர், பேட்டி எடுக்க வந்தவள் பக்கம் திரும்பினார். "என்னைக் கேட்டீங்களே, அதை இவங்ககிட்ட கேளுங்க."

கணவன் அவசர அவசரமாகச் செல்போனைத் திருப்பி வைத்தான். தொண்டையைச் செருமிக்கொண்டு, வார்த்தை மாறாமல் அதே கேள்வியைக் கேட்டாள் அவள்.

சவுண்ட் அம்மா கழுத்திலிருந்த ஹெட்போனைக் கழற்றி மேஜைமேல் வைத்தாள்.

"தோத்துப் போனவங்க வந்து நிக்கிற இடம் இல்லையா அது? அங்கேயும் மழை அவங்க மேல சத்தம் போட வேணாமேன்னு தோணிச்சு."

பக்கத்து மேஜையில் இப்போது சிரிப்பில்லை. பேனாக்கள் ஓடிக்கொண்டிருந்தன. கம்பெனிப் பெண் மட்டும் தயங்கித் தயங்கிக் கேட்டாள்.

"இதுக்காகவா சார் பேட்டியைப் பாதியில விட்டுட்டுப் போனீங்க?"

 இயக்குநர் சவுண்ட் அம்மாவைப் பார்த்துத்தான் பதில் சொன்னார்.

"'ஒருத்தரும் கவனிக்க மாட்டாங்க, எடுத்துடுங்க'ன்னு அன்னிக்குச் சொன்னேன் இல்லையா, அது என் தப்பு. அதை நான் சொன்னாப் பத்தாது, கவனிச்சவங்க வாயாலயே நீங்க கேட்கணும்னுதான் லிஃப்ட் வர்ற வரைக்கும்கூடப் பொறுக்காம மூணு மாடி இறங்கி ஓடி வந்தேன்."