ஏரிக்கரைச் சர்வர்

தோப்பில் மரங்கொத்தி ஒன்று, பறவைகள் ஒன்றுக்கொன்று எழுதிப் பேசிக்கொள்ள, பழைய கம்ப்யூட்டரில் சொந்தமாக ஒரு சர்வர் நடத்தி வந்தது. தோப்புப் பறவைகள் அதில் எழுதின. ஏரிக்கரையில் குரங்கு நடத்திய சர்வரும் அதோடு இணைந்திருந்ததால், அங்கிருந்த ஆமையோடு மரங்கொத்தி தினமும் பேசும். அதற்கு அவ்வளவு நெருக்கமாக வேறு யாரும் கிடையாது.

ஒருநாள் ஏரிக்கரைக் காக்கைகள் தோப்பிலிருந்த தேன்சிட்டைக் கூட்டமாக ஏசத் தொடங்கின. ஒன்றைத் தடுத்தால் இன்னொன்று புதுப் பெயரில் வந்தது. மரங்கொத்தி குரங்கிடம் முறையிட்டபோது, "நான் யாரையும் தடுக்கிறதில்லை" என்று கைவிரித்துவிட்டது. தேன்சிட்டு எழுதுவதையே நிறுத்தியது.

மரங்கொத்தி ஆமைக்கு எழுதியது: "உங்க சர்வரோட இருக்கிற இணைப்பையே துண்டிக்கணும் போலிருக்கு. அப்புறம் உன் பேச்சும் எனக்கு வராது. நீ என் சர்வருக்கே வந்துடேன்."

"என் பிள்ளைங்க எல்லாம் இங்கேதான் இருக்கு. வர முடியாதுப்பா" என்றது ஆமை. சற்றுப் பொறுத்து, "நீ துண்டிச்சிடு. பாவம், அந்தச் சின்னது பேசட்டும்" என்று எழுதியது.

மரங்கொத்தி பதில் ஒன்றை எழுதி, அழித்தது. பிறகு துண்டித்துவிட்டது.

மறுவாரம் தேன்சிட்டு திரும்ப வந்தது. "அண்ணே, இப்ப இங்கே எவ்வளவு அமைதியா இருக்கு" என்றது.

"ஆமா, ரொம்ப அமைதியா இருக்கு" என்றது மரங்கொத்தி, ஏரி இருக்கும் பக்கம் பார்த்தபடி.